நாலு கிராம்

மோகோபானே. ஜூலை மாதக் குளிர்.
தகரக் கொட்டகைக்குள் பெட்டி பெட்டியாகப் படுத்திருக்கிறது
ஆயிரத்து இருநூறு மீட்டர் இருட்டு.
ஈரத் துணியால் துடைத்தால்தான் வாய் திறக்கும்.
துடைக்கிறேன்.

மேலே வெளிர்சாம்பல். கீழே போகப் போக
சோப்பு மாதிரி வழுக்கும் கரும்பச்சை.
எழுநூற்றுப் பதினாறாவது மீட்டரில்
ஒரு விரற்கடைக்குக் குரோமைட்,
மை கொட்டிக் காய்ந்த கோடு.
அதை ஒட்டிப் பித்தளைப் புள்ளிகள்.
போன வாரம் வந்த பங்குதாரர் "தங்கமா?" என்றார்.
இல்லை ஐயா, இரும்பும் கந்தகமும்.
நீங்கள் பணம் போட்டது கண்ணுக்கு அகப்படாது.

மதியம் டப்பாவைத் திறந்தேன்.
குடல்குழம்பின் மேல்
கொழுப்பு வட்டம் வட்டமாய் உறைந்திருந்தது.
கீழே நடந்ததும் இதுதான், தலைகீழாக.
அதுவும் குழம்புதான்,
இருநூறு கோடி ஆண்டுக்கு முன் கொதித்த பாறைக்குழம்பு.
வழியிலிருந்த சுண்ணாம்புப் படுகையைத் தின்றது,
செரிக்கவில்லை.
கந்தகம் ஒட்டாமல் துளித்துளியாகத் திரண்டு
கனம் தாங்காமல் இறங்கியது.
இறங்கும் வழியெல்லாம்
பிளாட்டினம், பல்லேடியம், சிதறிக் கிடந்த எல்லாவற்றையும்
வட்டிக்கு விட்டவள் வசூலிப்பதுபோல்
மடியில் கட்டிக்கொண்டது.

பிறகு ஆறியது.
ஆற ஆறத் துளிக்குள் நெருக்கடி.
இரும்புக்கு இடமுண்டு, நிக்கலுக்கு உண்டு,
செம்புக்கும் ஒரு மூலை.
பிளாட்டினத்தை விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள்.
அங்கே, தன்னைப்போலவே போக்கிடமில்லாத
ஆர்செனிக்கின் கையைப் பிடித்துக்கொண்டது;
பிஸ்மத்தும் டெல்லூரியமும் கிடைத்த இடத்தில் அவற்றின் கையை.
நுண்ணோக்கியில் பார்த்தேன்:
தலைமயிர்ப் பருமன்கூட இல்லாத வெள்ளைப் பொட்டு.
ஸ்பெரிலைட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்,
ம்மாபுலா மாபுசெலா.
டன்னுக்கு நாலு கிராம் தேறும்.

சாயங்காலம் ஃபூதியின் வேன்
வளைவு திரும்புமுன்பே உறுமியது.
ராத்திரி யாரோ அடியில் ஊர்ந்து
புகைக்குழாயிலிருந்த வினையூக்கியை அறுத்துப்போனார்களாம்.
தேனடைபோல் துளைத்துளையாய் இருக்கும் அது.
பூசியிருப்பது எங்கள் சரக்கு.
"நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நாய் குரைக்கவேயில்லை."
உள்ளே எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டான்.
சொன்னேன்.
இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவு சத்தம்.
அவன் சில்லறையை எண்ணுவதை நிறுத்தி
என்னையே பார்த்தான், நான் எடுத்ததுபோல.

பின்சீட்டுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.
ஜன்னலை ஏற்றினேன்.
நகக்கண்ணில் குரோமைட் கறுப்பு,
துடைத்தும் போகாதது.