முந்தைய உடைமையாளர்

உம்சிண்டோவில் பழைய தபால் நிலையம்தான்
இப்போது வட்டார அருங்காட்சியகம்.
வியாழக்கிழமை மின்சாரம் போனால்
நானும் தாண்டேகாவும்
மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு
பொருள்களுக்கு எண் போடுவோம்.
பென்சில் மட்டும்.
பேனா இந்த அறைக்குள் வரக்கூடாது.

நீதிமன்றக் கட்டுகள் இடப்பக்கம்,
பீங்கான்கள் வலப்பக்கம்.
ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை என்றே
நேற்றுவரை நினைத்திருந்தேன்.

கட்டு பதினேழு.
கரையான் தின்றது போக மிச்சம் இது:
பூங்காவனம், பங்களா வேலைக்காரி.
எழுத்தர் அவள் பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்.
மூன்றிலும் பூ இல்லை, வனமும் இல்லை.
எண் மட்டும் பிசகவில்லை.
குற்றம்: எசமானியின் சூப்புக் கிண்ணத்தை,
நீலச் சித்திரம் போட்டது, மூடியுள்ளது,
வேண்டுமென்றே உடைத்தது.
மொழிபெயர்ப்பாளர் வழியாக:
‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள்.’

ஒரே வரி.
அவள் வாயிலிருந்து என்ன வந்தது என்று
எனக்குத் தெரியாது.
எங்கள் வீட்டில் டம்ளர் விழுந்தால்
சொல்வது ஒன்றுதான்:
கை தவறிப்போச்சு.
தவறியது கை.
அது எந்த இடத்தில் ஆள்மேல் ஏறியது என்று
அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.
மை கொஞ்சம் ஊறியிருந்தது, அவ்வளவுதான்.

தீர்ப்பு: கிண்ணத்தின் விலை முப்பது ஷில்லிங்,
கூலியில் பிடித்துக்கொள்ளலாம்.
கூலி மாதம் ஐந்து.
தாண்டேகா விரல்விட்டு எண்ணினாள்.
ஒரு கை போதவில்லை.

பிறகு எழுந்துபோய் வலப்பக்க அலமாரியிலிருந்து
இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து வைத்தாள்.
நீலச் சித்திரம். மூடியோடு.
அளித்தவர்: அதே கரும்புத் தோட்டத்துக் குடும்பம்.
நகத்தால் சுண்டினேன்.
கணீரென்றது.
நீலப் பாலத்தின் மேல் மூன்று பேர்
போய்க்கொண்டே இருந்தார்கள்.
ஒருவர் மேலும் கீறலில்லை.

‘அப்படியானால் உடையவே இல்லையா?’
அந்தக் கோபத்தோடுதான் மதியச் சோறு தின்றோம்.
உடையாத கிண்ணத்துக்கு ஆறு மாசக் கூலி!
நான் ஊறுகாயைக்கூடத் தொடவில்லை.
நன்றாகத்தான் இருந்தது அந்தக் கோபம்,
நன்கொடைக் கோப்பில்
டர்பன் கடை ரசீதைப் பார்க்கும்வரை.

சூப்புக் கிண்ணம் ஒன்று. முப்பது ஷில்லிங்.
தீர்ப்புக்கு ஏழாவது மாதம்.

உடைந்தது வேறு.
இது அவள் வாங்கியது.

ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்திருக்கிறது.
அவளேதான் இதையும் கழுவியிருப்பாள்.
சோப்பு நுரைக்குள் எப்படிப் பிடித்தாள்?
எசமானியின் பொருளைப் பிடிப்பதுபோலவா?
தாண்டேகாவிடம் கேட்டேன்.
அவள் அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் கழுவியவள்.
‘நீ எண்ணைப் போடு’ என்றாள்.

எண் போட்டேன்.
உயரம், விட்டம், மூடிக்குள் ஒரு செத்த குளவி.
அளித்தவர் கட்டத்தில் குடும்பத்தின் பெயர்.
அடுத்த கட்டம்: முந்தைய உடைமையாளர்.
வழக்கமாக அதை வெறுமையாக விடுவோம்.
எந்த மொழியில் நிரப்ப வேண்டுமென்று
படிவம் சொல்லவில்லை.
பூவோடும் வனத்தோடும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை இயக்குநர் வருவார்.
அவரிடம் நல்ல அழிப்பான் இருக்கிறது.
‘இன்னும் அழுத்து’ என்றாள் தாண்டேகா.

அழுத்தியதில்
அடியிலிருந்த தாளிலும் அவள் பெயர்
நிறமில்லாமல் பதிந்துவிட்டது.
அது ஒரு தேநீர்க் குடுவைக்கான தாள்.
அதன் கட்டை இன்னும் பிரிக்கவில்லை.