ஐந்நூற்றில் நூற்றுப்பதினேழு

லொறியால் இறங்கும்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.
அவற்றைப் ‘பனியாறு பதிப்பு’ ஆக்குவது என் வேலை:
ஹேர் ட்ரையர், ரப்பர் தகடு, சவர்க்காரத் தண்ணீர்,
கதவுக்கு ஒரு மலை.

அந்த மலை, எங்கள் லாங்னாவ் கராஜின்
பின் ஜன்னலில் தெரிகிற அதே முகடுதான்.
விளம்பரக் கம்பெனிக்காரன் ஒருவன் இங்கே நின்று
போனில் பிடித்துக் கோடாக்கிக்கொண்டு போனான்.
வலக் கதவில் உள்ளபடி ஒட்டுவேன்.
இடக் கதவில் திருப்பி ஒட்டவேணும்,
சிகரத்தின் மூக்கு எப்போதும் முன்னே பார்க்க வேண்டுமாம்.
ஆகவே ஒவ்வொரு வண்டியின் இடப்பக்கத்திலும்
உலகத்தில் எங்குமில்லாத ஒரு மலை.
ஓட்டுகிறவர் ஏறுவது அந்தப் பக்கத்தால்.

என்ஜின்?
போன வருஷத்து என்ஜின்.
அதற்கு முந்தின வருஷத்ததும் அதுவே.
நூற்றுநாற்பது குதிரை; ஒன்றும் குட்டி போடவில்லை,
ஒன்றும் சாகவில்லை.
இருக்கையின் தையல் நூல் மட்டும் செம்மஞ்சள்.
கியருக்குப் பக்கத்தில் அலுமினியத் தகடு: 117/500.
அதற்கு ஆறாயிரத்து எண்ணூறு பிராங்.
விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்று
தமிழில்தான் சொல்வேன்.
ஏதோ வாழ்த்தென்று நினைத்து
விற்பனை ரேட்டோ தலையாட்டுவான்.

பின்கட்டு மெக்கானிக் ஃபிளாவியோ வேறு மதம்.
அவனுக்குக் குதிரை காணாது.
முன்னூறு வேணும், டர்போ வேணும்,
புகைக்குழாய் சிங்கம்போல இருமவேணும்.
மதியச் சாப்பாட்டில் இருவருக்கும் சண்டை,
ஒருவன் நூலின் பக்கம், ஒருவன் சிலிண்டரின் பக்கம்.
நடுவில் நானும் என் புட்டும் நேற்றைய கறியும்.

மார்ச் இரண்டாம் கிழமை
ஃப்ராவ் கேர்பர் வந்தாள், மாட்டு வைத்தியர்.
முழங்கை வரை தொழுவ மணம், வெட்கமில்லை.
ரேட்டோ நூலைத் தடவிக் காட்டினான்.
மென்பொருளில் கைவைத்தால்
நாற்பது குதிரை களவாய் ஏற்றலாம் என்று
ஃபிளாவியோ காதருகில் சொன்னான்.
அவள் கேட்டாள்:
இரவு மூன்று மணி, பனி உருகின சேறு,
கன்றின் ஒற்றைக் கால் மட்டும் வெளியே நிற்கிறது.
இது ஹின்டர்எக் பண்ணைக்கு ஏறுமா?

ரேட்டோவின் சப்பாத்து புதுச் சப்பாத்து.
ஃபிளாவியோவுக்கு ஒரு பிரேக் பாதியில் கிடந்தது.
ஆகவே என்னை ஏற்றிக்கொண்டாள்.

முதல் வளைவு, இரண்டாவது.
மூன்றாவதில் நான்கு சில்லும் நின்ற இடத்திலேயே சுற்றின.
மிதித்தாள். நூற்றுநாற்பதும் ஒன்றாய்க் கனைத்தன.
மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமானது.
குதிரையின் குணமறிந்துதான்
தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்று
வாய்வரை வந்தது;
என் ஜெர்மனில் அதற்கு வழியில்லை.

இறங்கினாள். சேற்றில் குந்தி
ஒவ்வொரு சில்லின் வால்விலும் வீட்டுச் சாவியின் நுனியை அமத்தினாள்,
வயிறூதின பசுவுக்குக் குத்திக் காற்றெடுக்கிறாற்போல.
ஸ்ஸ்ஸ்.
அவசரமில்லை. காதால் கணக்கு.
டயர் மடிந்து, அகன்று, தரைமேல்
மெத்தென்று உட்கார்ந்தது.
ஆகக் கீழ் கியர். கால் பெடலில் பட்டும் படாமலும்.
ஏறியது.

மேலே ஒருவரும் கைதட்டவில்லை.
நாயொன்று வந்து பின்சில்லில் மூத்திரம் பெய்து
வண்டியைப் பதிவு செய்தது.

மலை இல்லாத வண்டி இருக்கிறதா என்றாள்.
இல்லை, ஐந்நூறும் எண்ணப்பட்டவை என்றான் ரேட்டோ.
வாங்கினாள். உரிக்கச் சொன்னாள்.
உரிக்கும் கூலி எழுபது பிராங், அதையும் பில்லில் சேர்த்தான்.
தகட்டைக் கழற்றின இடத்தில் இரண்டு ஓட்டை;
அதில் கம்பி கோர்த்துக்
காற்றழுத்த மானியைத் தொங்கவிட்டிருக்கிறாள்.

மே மாதம் முதல் சர்வீஸுக்கு வந்தது வண்டி.
வலக்கதவு சுத்தம்.
இடக்கதவில் நான் விட்ட பசைமேல்
புழுதியும் சாணமும் வரிசை தப்பாமல் ஒட்டி
அந்த இல்லாத மலை முழுசாய் நின்றது.
கழுவவா என்றேன்.
விடு, என்றாள்,
இன்றிரவும் ஹின்டர்எக் போகவேணும்.