காற்றுப் பட்ட பிறகு

மாற்றலாகிப் போன மேனேஜர் யோங்
ஆறு பாட்டில் வைன் விட்டுப் போனார்,
எடைமேடைக் கிராணி அமலதாஸ் பெயருக்கு.

தக்கை திறக்கும் கருவி
லாபிஸில் யாரிடமும் இல்லை.
மளிகைக்கடைத் தவுக்கே
பீர் திறப்பானைக் காட்டிச் சிரித்தார்.
மரத்திருகாணி ஒன்றைத் திருப்புளியால் இறக்கிக்
குறடு போட்டு இழுத்தார் அமலதாஸ்,
பல் பிடுங்குகிற மாதிரி.
பாதித் தக்கை வந்தது. மீதி மிதந்தது.

பீக்கர் என் உபயம். புதுசு,
ஆலை எண்ணெய் அறியாதது.
டீ வடிகட்டி தில்லைநாயகியுடையது.
கேன்டீனைப் பூட்டிவிட்டு
ஒரு தட்டு வறுத்த நெத்திலியோடு வந்திருந்தாள்.

ஏழு பத்து.
நனைந்த சிலிப்பர். ஊதி அணைத்த தீக்குச்சி.
நாக்கின் ஓரங்களை
வாழைப்பூக் கறைபோல் பிடித்து இழுத்தது.
"இதுக்கா கப்பலேறி வந்துச்சு?" என்றாள் தில்லை.
அமலதாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் வாயில் எண்கள்தான் வரும்,
அதுவும் லாரிக்காரன் கேட்டால்.

நான் ஆய்வுக்கூடக்காரி.
கை பழக்கத்தில் நோட்டை விரித்து
நேரம் குறித்தது.
செம்பனைக் குலை
வெட்டுவாங்கிய நொடியில் புளிக்கத் தொடங்கும்.
விழுந்த அடி, உரசிய காயம்,
லாரியில் காத்துக் கிடந்த ராத்திரி,
எல்லாம் என் குடுவையில்
துளித்துளியாய்ச் சிவந்து கணக்குக் கொடுக்கும்.
பத்தொன்பது வருஷமாய் எனக்குக்
காலம் என்றால் கெட்டுப்போவது.
வேறு பொருள் இருக்கும் என்று
யாரும் சொன்னதில்லை.

ஏழு ஐம்பது.
சிலிப்பரைக் காணோம்.
பீக்கருக்குள் மூக்கை விட்டுத் தேடினேன்.
நாவல்பழம்.
அதுவும் உப்புத் தொட்டுத் தின்ற நாவல்பழம்.
"ஏய், பாட்டிலை மாத்திட்டியா?"
தில்லை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.
ஜோகூர் ரயில் கடந்தபோது
பீக்கரில் ஒரு வட்டம் விரிந்து அடங்கியது.

எட்டே முக்கால்.
கிராம்பு மாதிரி ஒன்று. பெயர் தெரியாத இனிப்பு.
கறை எங்கே போய் ஒளிந்தது என்று
நாக்கு துழாவிக்கொண்டிருக்கையில்
அமலதாஸ் சொன்னார்:
"நாப்பது கிலோ."

பார்த்தோம்.

"ஒரு லோடுக்கு.
சின்னத் தோட்டக்காரங்க லாரிக்கு மட்டும்.
நாலு வருஷமா.
மெஷின்ல ஒரு நம்பரை மாத்தச் சொன்னாரு,
மாத்துனேன்.
இந்தப் பெட்டி சும்மா வரல."

தில்லையின் அண்ணன் ஐந்து ஏக்கர்க்காரன்.
அவள் கிளாஸை மேசையில் வைத்தாள்.
சத்தம்கூடப் பெரிதாய் இல்லை.
அப்புறம் எழுந்து
இருட்டில் காலால் செருப்பைத் தேடினாள்.
அதற்குமேல் நான் நேரம் குறிக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம்
மிச்சத்தைத் தனியே ருசி பார்த்தேன்.
சொல்லவே கூசுகிறது.
அப்போதுதான் அது
உண்மையில் நன்றாயிருந்தது.
முரடு தேய்ந்து, இனிப்பு இனிப்பாகவே நின்று,
விழுங்கிய பின்னும் போகாமல்.
யாருடைய நாற்பது கிலோ என்று
அதற்குத் தெரியவா போகிறது.
ஒரு வாய்தான். மூடி வைத்தேன்.

திங்கள் ஆறரைக்கு முதல் லாரி,
ஹாஜி ரம்லியுடையது.
என் சன்னலிலிருந்து எடைமேடை தெரியும்.
ரசீதை நீட்டப்போன கை
பாதியில் நின்றது.
அமலதாஸ் சட்டைப்பையிலிருந்து
அந்தத் திருப்புளியை எடுத்தார்.
எண் பெட்டியைத் திருப்பி
முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார்,
லாரி இரண்டாம் தரம் ஹாரன் அடிக்கும்வரை.
அதற்குள் என் அடுப்பில் மாதிரி கொதித்துவிட,
திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்குள் மூடி வைத்தது காடியாகிவிட்டது,
ஊறுகாய்க்கும் ஆகாத காடி.
கழுவுதொட்டியில் ஊற்றினேன்.

இன்னும் ஐந்து
என் அமிலப் புட்டிகளுக்குக் கீழ்த்தட்டில் படுத்திருக்கின்றன.
தில்லை டீ தருகிறாள், பேசுவதில்லை.
நெத்திலித் தட்டு என்னிடமே இருக்கிறது,
கழுவித் துடைத்து.