எடைக்கற்கள்

ஏழு வருடமாய் ஒரு பூ இல்லை.
பேரி மரம் வானத்தைப் பார்த்தே வளர்ந்தது,
கிளையெல்லாம் துடைப்பக் குச்சியாய் விறைத்து.
இலைக்குக் குறைவில்லை, நிழலுக்கும் இல்லை.
வார்கா சந்தையில் நிழலை யார் வாங்குவார்?

குளிர் வந்ததும் வெட்டிவிடலாம் என்றான் ஜெனோன்.
ரம்பத்துக்கு எண்ணெய்கூடப் போட்டுவிட்டான்.
ஒரு வருடம் கொடு என்றேன்.
மரத்துக்காகக் கேட்டேனா,
அவன் சொன்னதை மறுக்கவேண்டும் என்றா,
தெரியாது.

நான் மூடிய மளிகைக் கடையில் மிஞ்சியது
ஒரு தராசு, ஒரு பெட்டி எடைக்கல்.
ஆகஸ்டு கடைசி,
பச்சை மரம் இன்னும் பேச்சுக்கு இணங்கும் நாள்,
ஏணி போட்டு ஏறினேன்.
ஐந்தில் வளையாதது என்பார்கள்.
இதற்கு ஏழு.

பருத்த கிளைக்கு ஒரு கிலோ,
ஒல்லிக்கு இருநூறு,
விரல் தடிமனுக்கு ஐம்பதே போதும்.
வேலிக்கு அப்பால் ரெகினா கத்தினாள்:
"தொங்கவிடாதே, படுக்கவிடு!
தொங்கினால் முதுகில் குச்சி குச்சியாய் முளைக்கும்."
படுக்கவிட்டேன்.
ஒன்று முறிந்தது.
ஜெனோன் அடுக்களையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டான்,
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நிமிர்ந்த கிளையில் நுனிதான் முதலாளி.
அதன் அதட்டலில்
கீழ் மொட்டுகள் கண் திறக்காது.
கிளை சாய்ந்தால் அதட்டல் தளரும்,
இலைக்கான மொட்டு
பூவுக்கென்று மனம் மாறும்.
இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.
பணிவைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம்;
பணிந்து நாற்பது வருடம் கடை நடத்தியவள் நான்,
எனக்கு ஒன்றும் பூக்கவில்லை.

பனியில் எடைக்கற்கள் வெள்ளைத் தொப்பி போட்டன.
கிறிஸ்துமஸ் மரம் இன்னும் கழற்றவில்லையா என்றான்
பிப்ரவரியில் தபால்காரன்.

ஏப்ரலில், கணுவுக்குக் கணு, வெள்ளை.
படுத்த கிளைகளில் மட்டும்.
நான் தொடாத நடுத்தண்டு
அப்போதும் வானத்தைத்தான் பார்த்தது.
ஜெனோன் செருப்பில்லாமல் வெளியே வந்தான்.
எண்ணத் தொடங்கி, நிறுத்தி,
உள்ளே போய்க் காப்பி போட்டான், எனக்கும்.

மே நடுவில் உறைபனி.
குளிர் தரையோடு தவழும்;
நான் தாழ்த்திய கிளைகளைத்தான் அது முதலில் தொட்டது.
காலையில் பூவின் நடுவெல்லாம் கறுப்பு.
அதையும் நான்தான் செய்தேன்.

சுவரோரம் தப்பியது பதினொன்று.

செப்டம்பரில் முதல் இரண்டைப் பறித்தேன்.
தராசைத் துடைத்து வைத்தேன்.
மறுதட்டில் போடக் கல் இல்லை,
எல்லாம் மரத்தில்.

அரைக்கிலோவை அவிழ்க்கப் போனேன்.
கயிறு இருந்த இடத்தில்
பட்டை மோதிரமாய் வீங்கியிருந்தது.
முடிச்சு நகத்துக்கு அடங்கவில்லை, வெட்டினேன்.
துள்ளி முகத்தில் அடிக்கும் என்று
தலையை ஒதுக்கிக்கொண்டு நின்றேன்.

கிளை எழவில்லை.
அப்படியே கிடந்தது,
கல் இன்னும் இருப்பதுபோல.

தராசில்
பழத்தின் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது.
ஜெனோனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"துரு, உன் கல் எடை குறைந்திருக்கும்" என்றான்,
வாயில் பழத்தோடு.