நிமிடத்துக்கு ஐம்பது

"மருந்து ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா?"
மூன்று தடவை கேட்டேன்.
மூன்று தடவையும் இல்லையென்று
தலையாட்டினார் முனிரத்தினம்.
பென்சிலின் புட்டி என் உள்ளங்கையில்
சூடேறிக்கொண்டிருந்தது.

ஊத்துக்கோட்டையில்
தமிழில் கேட்டால் பாதி கேட்டதாகத்தான் கணக்கு.
மீதிக் கேள்வி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும்.
அவர் மனைவி பக்கம் திரும்பினேன்:
"ஊசி போட்டு எப்பவாவது தத்துர்லு ஒச்சிந்தா?"

"ஒச்சிந்தி" என்றார் சுகுணம்மா, உடனே.
சத்தியவேட்டில்,
மூத்தவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்.
உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி,
மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தாராம் விடியும்வரை.

புட்டியை டிரேயில் திரும்ப வைத்தேன்.
கை நடுங்கியதை யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் மாதங்கி போனில் வேறு மருந்து சொன்னார்.
வான்கோமைசின். நூறு நிமிடம்.
எழுத்துக்கூட்டித் திருப்பிச் சொன்னேன்.
சொட்டு எண்ணும் பம்பு
ஆடி மாசமே பழுது பார்க்கத் திருவள்ளூர் போனது;
இன்னும் வரவில்லை.
ஆகவே நானும் என் கைக்கடிகாரமும்.
நிமிடத்துக்கு ஐம்பது.

கிருஷ்ணா கால்வாயில் அவர் மதகு லஷ்கர்.
துருவேறிய ஷட்டர் கிழித்த பாதம்
முழங்கால்வரை சிவந்து பளபளத்தது.

நாலாவது கட்டிலில் ஒரு குழந்தைக்கு ஜுரம் பார்க்கப் போனேன்.
திரும்பி வருவதற்குள்
கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய மச்சான் பெத்தராஜு
குழாயின் சின்னச் சக்கரத்தை மேலே தள்ளியிருந்தார்.
சொட்டாக இல்லை, நூலாக இறங்கியது மருந்து.

முதலில் காது சிவந்தது.
பிறகு கழுத்து, மார்பு.
அவர் சொரியத் தொடங்கும்போதே
சக்கரத்தை மூடிவிட்டேன்.
பிரஷர் பார்த்தேன், மூச்சைக் கேட்டேன்,
டாக்டரைக் கூப்பிட்டேன், அவர் சொன்னபடி அவில் போட்டேன்.
"இதுவும் ஒத்துக்கலையா?" என்று
சுகுணம்மா முந்தானையைக் கடித்தார்.

டாக்டர் வந்து உதட்டைப் பார்த்தார்,
நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நின்றார்.
"மருந்து இல்லை. வேகம்."

நான் திட்ட வாயெடுத்தேன்.
அதற்குள் முனிரத்தினமே மச்சானிடம் கேட்டார்:
"ஷட்டரை ஒரேயடியாத் தூக்கினா
கரை என்னடா ஆகும்?"
பெத்தராஜு தரையைப் பார்த்தார்.
வெளியே பஸ் ஹாரன் அடித்துப் போனது.

சிவப்பு அடங்கியபின் மறுபடி தொடங்கினேன்,
இருபத்தைந்தாக.
கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதினேன்:
பென்சிலின் ஆகாது.
அதற்குக் கீழே நீல மையில்:
வான்கோமைசின் வேகமாக ஏற்றியதால் சிவந்தது,
ஒவ்வாமை அல்ல.
அடுத்த ஆஸ்பத்திரியில் யாரோ ஒருத்தி
அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடக் கூடாது.

மூன்றாம் நாள் வீக்கம் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது.
கிட்னிக்காக ரத்தம் எடுத்து அனுப்பினேன்.
"மூத்திரத்தை எதுக்கும்மா அளக்கிறே?"
"எல்லை தாண்டுற தண்ணிய
நீங்க மட்டும்தான் அளக்கணுமா?"

சிரித்தார்.
சிரிப்பில் கை ஆடி, குழாய் ஆடி,
எண்ணிக்கை தவறியது.
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.