கொடிக்கயிறு

சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால்
கொடிக்கயிறு கட்டவேண்டும் என்பது விதி.
காட்பாடிக் குளத்தில் இன்று தொங்குவது
கட்சிக் கூட்டத்தில் மீந்த தோரணம்.
அளந்துதான் கட்டினார்களா,
நடுவர் ஜபருல்லா சாருக்கே வெளிச்சம்.

முப்பத்தைந்து தாண்டிய பெண்கள்,
ஐம்பது மீட்டர், மல்லாக்க நீச்சல்.
மூன்றாம் தடம் நான், நான்காவது பிலோமினா.
ராணிப்பேட்டையில் ஒரே லைனில்
ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவர்கள்.

நீண்ட விசில்.
கைப்பிடியில் தொங்கி, பாதத்தைச் சுவரில் ஊன்றி
உடம்பை வில்லாக்கிப் பின்னால் எறிந்தோம்.

குப்புற நீந்துகிறவர்களுக்குத் தரையில் கறுப்புக் கோடு உண்டு.
வானத்தில் யாரும் கோடு போடவில்லை.
மொட்டைப் பாறை மலையும் அதன் செல்போன் கோபுரமும்
போகும்போது இடது காதுக்கு நேரே,
வரும்போது வலது காதுக்கு.
தப்பினால் தடக்கயிறு தோளை உரசும்.

கண்ணாடிக்குள் தண்ணீர்.
அந்தப் பக்கச் சுவர் ஐந்தாவது கைவீச்சில் வந்தது.
குட்டிக்கரணம் எனக்கு வராது.
தொட்டு, உதைத்து, திரும்பினேன்.

மறுபடி தோரணம் தலைக்கு மேல்.
அங்குலத்துக்கு எட்டுத் தையல் எண்ணிப் பழகிய மண்டை
எண்ணத் தொடங்கியது.
நான்கு. ஐந்து.
சுவர் இல்லை.
ஆறு.
இல்லை.
பக்கத்தில் தண்ணீர் புரளும் சத்தம்:
பிலோமினா சுவரைத் தேடிக் குப்புறத் திரும்பிவிட்டாள்.
ஏழு.
விரல் நுனியில் ஓடு.

ஐம்பத்தெட்டு நொடி, நாற்பத்தொன்று.
நான்காவதாக வந்தேன்.
அவளைத் தகுதிநீக்கம் செய்ததும்
வெண்கலம் என் கழுத்துக்கு வந்தது.

பஸ்ஸில் கேட்டாள்:
"செவுரு வரும்னு எப்படிடி நம்புன?"

நம்பவில்லை.
வாரம் முழுக்க மிஷின்மேல் குனிந்து
கழுத்துப் பிடித்திருந்தது.
திரும்ப முடியவில்லை.