பிழை, ஆறு

வாம்போ கோப்பிக்கடையில் மறுபடியும் அதே சண்டை.
அல்போன்ஸா, பூன் கியாட்டா?
சுல்பிகார் மேசையைத் தட்டுகிறார், கோப்பி தளும்புகிறது.
குவெக் விரல்விட்டு எண்ணுகிறார், விரல் போதவில்லை.
பிறகு இருவரும் என் பக்கம் திரும்புகிறார்கள்.
துறைமுக அணிக்குப் பதினாறு பருவம் கணக்கெழுதியவள் நான்.
கையெழுத்து நன்றாக இருந்ததால்
சனிக்கிழமைகளைப் பறிகொடுத்த கிளார்க்.

நோட்டுகள் பையில்தான் இருக்கின்றன. சொல்கிறேன்.
அல்போன்ஸ், பதினாறு பருவம்:
ஆயிரத்துப் பன்னிரண்டு முறை மட்டை பிடித்து
முந்நூற்று முப்பத்தொரு அடி.
ஹோம் ரன் தொண்ணூற்று நான்கு.
பூன் கியாட், ஒன்பதே பருவம்:
ஐந்நூற்று நாற்பத்தெட்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு.
ஹோம் ரன் எழுபத்தொன்று.

"தொண்ணூற்று நான்கு!" என்கிறார் சுல்பிகார்.
"வகுத்துப் பாரும்" என்கிறார் குவெக்.
வகுத்தால், ஆயிரத்துக்கு
முந்நூற்று இருபத்தேழு அல்போன்ஸுக்கு,
முந்நூற்று ஐம்பத்தொன்பது பூன் கியாட்டுக்கு.

ஆனால் வகுத்தால் வராதது ஒன்று உண்டு.
அல்போன்ஸ் அடித்த பந்து தாழ்ந்தே போகும்,
அறுந்த சைக்கிள் சங்கிலிபோல் புல்லைச் சீவிக்கொண்டு.
பூன் கியாட்டின் பந்துக்கு அவசரமே கிடையாது.
காலாங் திடலின் விளக்குக் கம்பத்துக்கு மேலே ஏறி
அங்கே எதையோ யோசித்துவிட்டு
ஆற்றில் விழும்.
பையன்கள் குதித்து எடுத்து வருவார்கள்,
பந்துக்கு ஐம்பது காசு. மழைக்காலத்தில் எண்பது.

பூன் கியாட் மூன்றாவதாக இறங்குவான், அல்போன்ஸ் நான்காவதாக.
பின்னால் அல்போன்ஸ் நிற்கிறான் என்ற பயத்தில்
பூன் கியாட்டுக்கு நேர் பந்துதான் போட்டாக வேண்டும்.
பூன் கியாட் பேஸில் நிற்பதால்
அல்போன்ஸின் ஒவ்வோர் அடியும் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பும்.
அவன் கணக்கில் இவன் கால்கள்,
இவன் கணக்கில் அவன் நிழல்.
எதை எங்கே வெட்டிப் பிரிப்பது, குவெக்?

பூன் கியாட் பெர்த்துக்குப் போனபின்
எதிரணியினர் அல்போன்ஸுக்குப் பந்தே போடவில்லை.
வேண்டுமென்றே நான்கைத் தள்ளிப் போட்டு
நடந்து போ என்றார்கள். ஏழு வருடம் நடந்தான்,
மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு,
தபால் கொடுக்க வந்தவன் மாதிரி.
நடந்தது அடிக்கணக்கில் சேராது.
பயத்துக்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

இதுவரை சொன்னேன். இனி வருவதை
இவர்களிடம் சொன்னதில்லை.

எண்பத்தாறு, நவம்பர், தூறல்.
பூன் கியாட் அடித்தது ஷார்ட் ஸ்டாப் பக்கம் போனது.
சத்தம் கேட்டுத்தான் தலை திருப்பினேன்.
பந்து தரையில். அந்தப் பையன்
தன் கையுறையை வெறித்துக்கொண்டிருந்தான்.
கைக்கு வந்து நழுவியதா, கைக்கே எட்டாத அடியா?
என் கண் அப்போது காத்திருப்பு வட்டத்தில் இருந்தது.
அங்கே அல்போன்ஸ் குனிந்து
மட்டை நுனியால் காலணிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தான்.
இடது காலணி. பிறகு வலது.

எழுதினேன்: பிழை, ஆறு.
ஆறு என்றால் ஷார்ட் ஸ்டாப்.
மையில் எழுதினேன்.

ஆட்டம் முடிந்து பூன் கியாட் வந்து
ஈரத் தோளோடு நோட்டை எட்டிப் பார்த்தான்.
"பார்த்தீங்கதானே, மிஸ்?"
"பார்த்தேன்."
"அப்ப சரி லா."
அவ்வளவுதான். எனக்கும் சேர்த்துக் கரும்புச்சாறு வாங்கினான்.

அதை அடியாக வைத்துக்கொண்டால்
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
ஆயிரத்துக்கு முந்நூற்று அறுபத்தொன்று.
இரண்டு புள்ளி.
பதினோராம் மாடியில் தூக்கம் வராத இரவுகளில்
அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன்,
ஒவ்வொரு தடவையும் அதே விடை.

"சொல்லுங்க தில்லைநாயகி, யாரு?"
குவெக் விடுவதாக இல்லை.
நோட்டை மூடி அதன்மேல் கையை வைக்கிறேன்.
கோப்பி இன்னும் சுடுகிறது.
ஆறட்டும் என்கிறேன்.